சங்கத்தின் வழியே வரும் குரல்: ஒஸ்லோவில் நோயாளர் பங்கேற்பும் தமிழரும்

நோர்வேயில் மருத்துவச் சேவைகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் நோயாளருக்குள்ள இடம் சட்டத்தால் நிலைநாட்டப்பட்டது. 1999இல் நிறைவேறி 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைச் சட்டம், தமக்குக் கிடைக்கும் சிகிச்சையின் வகையைத் தெரிவுசெய்வதில் பங்குகொள்ளும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்கியது. மாவட்டங்களின் கையிலிருந்த மருத்துவமனைகள் 2002 தொடக்கத்தில் அரசின் உடைமையானபோது அவற்றுக்கு அடிப்படையாக அமைந்த மருத்துவ நிறுவனங்கள் சட்டம், தனது 35ஆம் பிரிவில், நோயாளரின் பிரதிநிதிகளுடைய கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்றும், நோயாளரின் அனுபவங்களைத் திரட்டுவதற்கு நிலையான ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்றும் பிராந்திய மருத்துவ நிறுவனங்களைப் பணித்தது. நகராட்சிகள் நடத்தும் வீட்டுப் பராமரிப்பு, முதியோர் இல்லம் முதலிய சேவைகளுக்கும் இதே கடமை 2012இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டத்தால் விதிக்கப்பட்டது. தமது மருத்துவத்தைத் திட்டமிடுவதில் தனித்தும் கூட்டாகவும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கை, இங்கே கூட்ட அழைப்பாகவும் நிகழ்ச்சி நிரலாகவும் கூட்டக் குறிப்பாகவும் அன்றாட அலுவலக வடிவம் பெற்றிருக்கிறது.

நோர்வேஜிய மொழியில் ‘புருக்கர்மெத்விர்க்னிங்’ எனப்படும் இந்த ஏற்பாட்டைத் தமிழில் பயனாளர் பங்கேற்பு என்று குறிக்கலாம். சேவையைப் பெறுபவரும் அவரைப் பராமரிக்கும் உறவினரும் இதில் பயனாளர் ஆவர். அது மூன்று தளங்களில் நடைபெறுவதாகக் கொள்வது வழக்கம். மருத்துவரும் நோயாளரும் கூடி ஒரு சிகிச்சையைத் தீர்மானிப்பது தனிநபர் தளம். ஒரு பிரிவின் காத்திருப்பு முறையையோ அறிவுரைத் தாளையோ வகுப்பறையையோ பயனாளருடன் சேர்ந்து சீரமைப்பது சேவைத் தளம். வரவுசெலவு, கட்டடம், நீண்டகாலத் திட்டம் ஆகியவற்றில் பயனாளரின் பிரதிநிதிகள் கருத்துரைப்பது அமைப்புத் தளம். ஒஸ்லோவின் மருத்துவமனைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளராகத் தொடங்கிப் பின்னர் பயனாளர் பிரதிநிதிகளை ஆயத்தப்படுத்தும் பணிக்கு வந்த இக்கட்டுரையாளருக்கு, முதல் தளத்தில் தமிழர் அடைந்த முன்னேற்றமும் மூன்றாம் தளத்தில் அவர்கள் ஏறத்தாழ இல்லாமலே இருப்பதும் ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் காணக்கிடைத்தன. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒவ்வொரு மருத்துவ நிறுவனத்திலும் பயனாளர் குழு ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களை நிறுவனத்தின் நிர்வாக சபை இரண்டு ஆண்டுகளுக்கென நியமிக்கிறது. ஆனால் பெயர்களை முன்மொழிபவை பயனாளர் அமைப்புகளே. 1950இல் தோன்றிய மாற்றுத்திறனாளர் கூட்டமைப்பின் கீழ் நோய்வாரியாகவும் குறைபாட்டுவாரியாகவும் அமைந்த பல சங்கங்கள் திரண்டுள்ளன. புற்றுநோய்ச் சங்கம், 1978இல் தொடங்கிய மனநலச் சங்கம், முதியோர் சங்கங்கள் முதலியனவும் தத்தம் உறுப்பினரை முன்மொழிகின்றன. ஒஸ்லோவையும் உள்ளடக்கிய தென்கிழக்குப் பிராந்திய நிறுவனத்தில், பயனாளர் குழுவைச் சேர்ந்த இருவர் நிர்வாக சபைக் கூட்டத்திலேயே அமர்ந்து, வாக்குரிமை இல்லாவிடினும் பேசவும் முன்மொழியவும் உரிமை பெற்றிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2005க்குப் பின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உருவான நோயாளர் நலச் சங்கங்களுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: அங்கே பெயரில் நோயாளர் இருப்பினும் நிதியைக் கையாளும் நிர்வாகப் பொறுப்பே முதன்மை பெற்றது, இங்கே நிதிப் பொறுப்பு எதுவுமின்றி, நோயோடு வாழ்ந்த அனுபவம் ஒன்றே தகுதியாகக் கொள்ளப்படுகிறது.

அந்தத் தகுதி தமிழருக்கும் நிறைய உண்டு; முன்மொழிவதற்கான சங்கம் மட்டுமே இல்லை. 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து வந்த அன்ரனி ராஜேந்திரத்தோடு தொடங்கும் நோர்வேத் தமிழர் வரலாறு, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்க வந்தவர்களாலும், 1983க்குப் பின் தஞ்சம் கோரி வந்தவர்களாலும் விரிந்தது. வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்த பலர் பின்னர் தெற்கே பெயர்ந்து, ஒஸ்லோவின் கிழக்கிலுள்ள குரூருட் பள்ளத்தாக்கில் வீடு வாங்கிக் குடியேறினர். அவர்கள் அமைப்பாகத் திரளாதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ரொம்மன் பகுதியில் இயங்கும் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் பிள்ளைகளுக்குத் தமிழும் கலைகளும் கற்பிக்கிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோவில் பரிபாலன சபை, தேவாலயக் குழு, விளையாட்டுக் கழகம் என்று வார இறுதி தோறும் கூடுகிற அமைப்புகள் பல. ஆனால் இவை அனைத்தும் ஊராலும் பள்ளியாலும் வழிபாட்டாலும் ஆனவை. நோயால் ஆன சங்கம் இவற்றில் இல்லை. நோர்வேஜியச் சமூகத்தில் ஒருவர் நீரிழிவு கண்டறியப்பட்டதும் 1948இல் தொடங்கிய நீரிழிவுச் சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டுவதும், அங்கிருந்து ஒரு குழுவுக்கு அனுப்பப்படுவதும் இயல்பான பாதை. தமிழ்க் குடும்பத்திலோ நோய் வீட்டுக்குள் வைத்துக் காக்கப்படும் செய்தி. மகளின் திருமணப் பேச்சு முடியும்வரை தாயின் மனநோயும், பிள்ளைகள் தலையெடுக்கும்வரை தந்தையின் குடிப்பழக்கமும் சங்க உறுப்பினர் பட்டியலில் ஏற மாட்டா. ஆகவே பயனாளர் குழுக்களில் தமிழர் அரிதாக இருப்பதற்கு அக்கறையின்மையைக் காரணமாகக் கூறுவது தவறு. நாற்காலிக்குச் செல்லும் பாதை அவர்கள் நடக்காத தெருவில் போடப்பட்டிருக்கிறது.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. 2000ஆம் ஆண்டில் ரும்சோஸ், ஃபுரூசெத் ஆகிய ஒஸ்லோக் குடியிருப்புகளில் 30 முதல் 59 வயதுவரை உள்ளோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, தெற்காசியப் பெண்களில் 27.5 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 14.3 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருப்பதைக் கண்டது. அதே குடியிருப்புகளின் மேற்கத்தியப் பெண்களில் அது 2.9 சதவீதமாகவும் ஆண்களில் 5.9 சதவீதமாகவும் இருந்தது. 2002இல் ஒஸ்லோவில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளில் பிறந்தோரிடையே நடத்தப்பட்ட குடியேறியோர் உடல்நல ஆய்வும் பாகிஸ்தானியரிடமும் இலங்கையரிடமும் இந்நோய் மிகுந்திருப்பதை உறுதிப்படுத்தியது. மருத்துவமனைப் பட்டியலில் மிகுதியாக இருப்பவர் கூட்ட மேசையில் இல்லாதபோது, மேசையில் வகுக்கப்படும் அறிவுரை அவரது அடுப்படிக்குப் பொருந்தாமல் போகிறது. கரும்பழுப்பு ரொட்டியையும் அதன்மேல் வைக்கும் பாற்கட்டியையும் அலகாகக் கொண்டு எழுதப்பட்ட உணவுத் தாளில் சோற்றுக்கும் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் இடமில்லை. இடமில்லாததால், சோற்றையே விட்டுவிட வேண்டும் என்று கருதியவர்களும், தாள் தமக்குரியதன்று என்று மடித்து வைத்தவர்களும் என இருவகையினரை உரைபெயர்ப்பாளர்கள் தொடர்ந்து சந்தித்தனர். தட்டில் சோற்றின் அளவு எவ்வளவு, மரக்கறி எவ்வளவு, குரக்கன் மாவிலும் சிவப்பரிசி மாவிலும் புட்டு அவித்தால் என்ன மாற்றம், இரவு வேலை முடிந்து வருபவர் எப்போது உண்பது என்பனவற்றைச் சமைப்பவரோடு உட்கார்ந்து பேசிய பிறகே பயன்படத்தக்க தாள் உருவாகும். அத்தகைய பேச்சில் பங்குகொள்ளும் தாய்மாருக்கு நோர்வேஜிய மொழி சரளமாக வராமல் இருக்கலாம். ஆனால் அந்த மேசைக்குத் தேவையான அறிவு முழுவதும் அவர்களிடமே இருக்கிறது.

ரும்சோஸ் குடியிருப்பு இவ்வகையில் ஒரு நல்ல பாடமாக அமைந்தது. அங்கே 2000க்கும் 2003க்கும் இடையில் நடைபெற்ற உடலியக்கத் திட்டம், குடியிருப்போருடனும் உள்ளூர் அமைப்புகளுடனும் சேர்ந்து நடைக்குழுக்களையும் பயிற்சி வகுப்புகளையும் நடத்தியது. ஒப்பீட்டுக்காக விடப்பட்ட ஃபுரூசெத்தைவிட அங்கே உடலியக்கம் கூடியதையும் எடை ஏறும் வேகம் குறைந்ததையும் பின்னர் வெளியான ஆய்வுகள் காட்டின. 2008 முதல் 2010 வரை, ரும்சோஸ் அமைந்துள்ள குரூருட் பள்ளத்தாக்கில் 823 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்ட ‘ஸ்தோர்க்’ ஆய்வு, தனது தகவல் தாள்களையும் வினாக்கொத்துகளையும் தமிழ், உருது, சோமாலி, வியட்நாமியம் உள்ளிட்ட 8 மொழிகளில் ஆயத்தம் செய்து, அவற்றை இருமொழி அறிந்த மருத்துவப் பணியாளரிடம் சரிபார்த்தது. சேர்ந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறுபான்மையினர் என்பது, இத்தகைய மக்கள் ஆய்வுகளுக்கு வரமாட்டார்கள் என்ற பரவலான நம்பிக்கையை மறுத்தது. இதை இங்கே வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: அழைக்கும் முறை சரியாக இருந்தால் மக்கள் வருகிறார்கள் என்பதற்கு, எண்ணிக்கையோடு கூடிய சான்று இதைவிடத் தெளிவாகக் கிடைப்பது கடினம்.

அழைக்கும் முறை என்பது நுணுக்கமான தொழில். பொதுக் கூட்டமாக ஒரு மண்டபத்தில் எல்லோரையும் கூட்டினால் முன்வரிசையில் அமர்ந்த ஆண்களே பேசுவர். கருப்பைவாய்ப் பரிசோதனையைப் பற்றியோ மாதவிடாய் நின்ற பின் வரும் துயரங்களைப் பற்றியோ பெண்கள் அங்கே வாய் திறப்பதில்லை. ஆகவே பெண்களுக்குத் தனியாகவும், இளையோருக்குத் தனியாகவும், கலைக்கூடத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தைப் பயன்படுத்திப் பெற்றோருக்கு எனவும் சிறு குழுக்களாக அமர்வது பயன் தருகிறது. கேள்வியின் வடிவமும் விளைவை மாற்றுகிறது. மருத்துவமனையில் திருப்தியா என்று கேட்டால் மிக நல்லது என்ற ஒரே விடைதான் வரும். ஏனெனில் அடைக்கலம் தந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இலவசத்துக்கு நெருக்கமான செலவில் மருத்துவமும் தரும் நாட்டைக் குறை கூறுவது நன்றிகேடு என்ற உணர்வு முதல் தலைமுறையிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. மருத்துவரிடமிருந்து வீடு திரும்பிய பிறகு எதைச் செய்ய முடியாமல் போயிற்று, எந்தக் கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல நேர்ந்தது, எந்த மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்று செயலைப் பற்றிக் கேட்கும்போது விடைகள் பெருகுகின்றன. மனநிறைவை அளக்கும் வினாத்தாள்களின் சராசரியை நம்பித் திட்டமிடும் நிர்வாகிகள், அந்தத் தாள்களை நிரப்பாதவர் யார், நிரப்பியவர் எந்த நன்றியுணர்வோடு நிரப்பினார் என்பதைக் கருதாவிட்டால், சேவை மோசமாக உள்ள இடத்திலேயே பாராட்டு மிகுந்திருப்பதாகக் கொள்ள நேரும்.

தனிநபர் தளத்தில் பங்கேற்பின் முதல் நிபந்தனை மொழி. தகவல் என்பது பெறுபவரின் வயது, முதிர்ச்சி, அனுபவம், பண்பாட்டு மொழிப் பின்னணி ஆகியவற்றுக்கு ஏற்ப வழங்கப்பட வேண்டும் என்று நோயாளர் உரிமைச் சட்டமே கூறினாலும், நீண்ட காலம் மகனோ மகளோ பள்ளியிலிருந்து விடுப்பெடுத்துத் தாயின் கட்டியைப் பற்றி மருத்துவர் சொல்வதைத் தாய்க்குச் சொல்லும் நிலை இருந்தது. சிறுவரை உரைபெயர்ப்புக்குப் பயன்படுத்துவது 2016இல் சட்டப்படி தடுக்கப்பட்டது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள உரைபெயர்ப்பாளர் சட்டம், தகுதி பெற்ற உரைபெயர்ப்பாளரை அமர்த்தும் கடமையைப் பொது நிறுவனங்களின் மேல் சுமத்தியது. தேசிய உரைபெயர்ப்பாளர் பதிவேடும் ஒஸ்லோ பெருநகரப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியும் இத்தொழிலுக்கு அளவுகோல் தந்துள்ளன. உரைபெயர்ப்பாளர் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, பக்கம் சாய்வதில்லை, கேட்டதை வெளியே சொல்வதில்லை என்ற நெறிகள் தமிழ்ச் சமூகத்தில் உயிர் போன்றவை. சிறிய சமூகத்தில் உரைபெயர்ப்பாளரும் நோயாளரும் அடுத்த ஞாயிறு ஒரே திருமண மண்டபத்தில் சந்திக்கக்கூடும் என்பதனால், சிலர் தொலைபேசி வழி, பெயர் தெரியாத உரைபெயர்ப்பாளரையே விரும்புகின்றனர். அந்த விருப்பத்தைக் கேட்டு ஏற்பதும் பங்கேற்பின் ஒரு பகுதியே.

ஆனால் இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு உரைபெயர்ப்பாளரை வரவழைப்பது கடமையாகிவிட்டது. பயனாளர் குழுக் கூட்டத்துக்கோ சேவைச் சீரமைப்புக் குழுவுக்கோ அவரை அமர்த்தும் பழக்கம் வேரூன்றவில்லை. கூட்ட ஆவணங்கள் அலுவலக நோர்வேஜியத்தில் கட்டுக் கட்டாக முன்கூட்டி வருகின்றன. கூட்டங்கள் பகலில் நடக்கின்றன. முதியோர் இல்லத்தில் முறைமாற்று வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் விடுப்புக் கிடைப்பதில்லை. கூட்டப்படி, பயணச் செலவு, இழந்த ஊதியம் ஆகியவற்றை ஈடுசெய்யும் விதிகள் உள்ளன. அவற்றை முன்னரே விளக்கிக் கூறுவதும், கூட்டத்துக்கு முன் அதிகாரிகள் இல்லாமல் பிரதிநிதிகள் மட்டும் கூடி ஆவணங்களை வாசிக்க ஒரு முன்கூட்டம் நடத்துவதும், எவரையும் தனியாக அனுப்பாமல் குறைந்தது இருவராக அனுப்புவதும் பழகிய செயலாளர்கள் கையாளும் முறைகள். தனியாக அமர்ந்த பிரதிநிதி தம் சொந்தக் கதையை மட்டுமே சொல்லி அமைதியாகிவிடுவார். இருவர் இருந்தால் ஒருவரது அனுபவத்தை மற்றவர் பொதுமைப்படுத்திப் பேச இடம் உண்டாகிறது. அதனினும் முதன்மையானது விடையிறுப்பு. பிரதிநிதி சொன்னது ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, மறுக்கப்பட்டால் ஏன் என்பதை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் எழுத்தில் தெரிவிக்கும் குழுக்களில் உறுப்பினர் நிலைக்கின்றனர். தெரிவிக்காத குழுக்களில் முதலில் விலகுபவர் அங்கே புதிதாக வந்த சிறுபான்மையினரே. அமெரிக்கத் திட்டமிடலாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கருத்துக் கேட்பதையும் அறிவிப்பதையும் அடையாளப் பங்கேற்பு என நடுப்படிகளிலேயே நிறுத்தினார். விடையிறுக்கும் குழு முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பெறாவிடினும் அந்த நடுப்படியைக் கடந்துவிடுகிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அமைப்பாகத் திரண்ட பயனாளர் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கும் நோர்வே சான்று தருகிறது. மனநல மருத்துவத்தில் மருந்து கட்டாயம் ஏற்கப்பட வேண்டியதாக இருப்பதை எதிர்த்து ஐந்து பயனாளர், உறவினர் அமைப்புகள் கூட்டாக இயங்கின. 2015இல் அன்றைய சுகாதார அமைச்சர் பென்ட் ஹொய்யே, மருந்தில்லாச் சிகிச்சை வாய்ப்பை உருவாக்குமாறு நான்கு பிராந்திய நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டார். 2017 தொடக்கத்தில் வடக்கே துறோம்ஸோவில் அதற்கெனவே ஒரு பிரிவு திறக்கப்பட்டது. ஆதாரம் போதாது என்று மனநல மருத்துவர் பலர் எதிர்த்தனர்; அந்த விவாதம் நியாயமானது, ஆனால் விவாதத்தை நிகழ்ச்சி நிரலில் ஏற்றியவர்கள் நோயாளரே. ஒஸ்லோவின் ரேடியம் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சங்கம் 2010இல் மருத்துவமனையோடு இணைந்து தொடங்கிய வார்தே மையத்தில், அதே நோயைக் கடந்து வந்தவர்கள் சக துணைவராக அமர்ந்து பேசுகின்றனர். ஆக்கர்ஷூஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2012இல் உருவான இளையோர் குழு நாட்டிலேயே முதலாவது. சிறுவர் பிரிவிலிருந்து வளர்ந்தோர் பிரிவுக்கு மாறும் காலத்தில் நெடுநாள் நோயாளரான இளைஞர் தவிக்கும் தவிப்பைக் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் இளையோர் குழுக்களுக்குப் பெரும் பங்குண்டு. தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள் எளிதில் நுழையக்கூடிய வாயில் இதுவே என்பதை இங்கே குறித்துவைக்கலாம். அவர்களுக்கு மொழித் தடையில்லை, வீட்டின் நிலையும் தெரியும்.

எல்லைகளும் உண்டு. 2009இல் ஆக்கர், உல்லவோல், ரிக்ஸ் ஆகிய மருத்துவமனைகள் இணைந்து ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை உருவானது; 2011இல் குரூருட் பள்ளத்தாக்கின் அல்னா, குரூருட், ஸ்தோவ்னர் பகுதிகளின் மக்கள், தமக்குப் பழகிய ஆக்கரை விட்டு, நகரத்துக்கு வெளியே லோரன்ஸ்கூக்கிலுள்ள ஆக்கர்ஷூஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர்; 2015இல் அல்னா மட்டும் ஒஸ்லோவுக்குத் திரும்பியது. பின்னர் உல்லவோலை மூடி ஆக்கரிலும் கவுஸ்தாவிலும் புதிய மருத்துவமனைகள் எழுப்பும் முடிவு வந்தபோது மருத்துவப் பணியாளரும் நகர மக்களும் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இத்தகைய முடிவுகள் அமைச்சரே தலைமையேற்கும் நிறுவனக் கூட்டத்தில் எடுக்கப்படுகின்றன. பயனாளர் குழு கருத்துரைக்கலாம், அதற்கு மேல் அதன் கை எட்டாது. தொடர்ந்த மாற்றங்களில் எந்த மருத்துவமனை தமக்குரியது என்றே குழம்பிய முதியவர்கள் இருந்தனர் என்பதையும், அவர்களுக்குத் தமிழில் அதை விளக்கியவர்கள் பெரும்பாலும் அவர்களது பிள்ளைகளே என்பதையும் அப்பகுதியில் பணிபுரிந்தோர் அறிவர்.

எண்பதுகளில் இளைஞராக வந்தவர்கள் இப்போது ஓய்வூதிய வயதை எட்டிவிட்டனர். மறதி நோய் வந்தவரிடம் பின்னர் கற்ற மொழி முதலில் நழுவுவதும் தாய்மொழியே எஞ்சுவதும் மருத்துவம் அறிந்த உண்மை. மீன் தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் கற்ற நோர்வேஜியத்தை இழந்த ஒருவர், தமிழ் தெரியாத முதியோர் இல்லத்தில், பசியையும் வலியையும் எவ்வாறு சொல்வார் என்ற கேள்வி இனிவரும் ஆண்டுகளில் ஒஸ்லோவின் பகுதி நிர்வாகங்கள் ஒவ்வொன்றின் முன்னும் வரும். ஒஸ்லோவின் 15 நகரப் பகுதிகளிலும் முதியோர் மன்றம் உண்டு. முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு போன்றவை அங்கே கருத்துக்கு வருகின்றன. நோய்ச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை, முதுமை ஒன்றே போதும். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் கோவில் சபையும் தத்தம் பொதுக்கூட்டங்களில் தலைவரையும் பொருளாளரையும் தெரிவுசெய்யும்போது, அந்த மன்றத்துக்கு யாரை முன்மொழிவது என்பதையும் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாகச் சேர்க்க முடியும். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை; பகுதி நிர்வாகத்துக்கு எழுதப்படும் ஒரு கடிதமும், கூட்ட நாளில் அந்த முதியவரை அழைத்துச் சென்று பக்கத்தில் அமர ஒரு துணையும், முதல் சில கூட்டங்களுக்கு ஓர் உரைபெயர்ப்பாளரும் போதும்.